மதிப்பீட்டில் சேராத குசினி

வீட்டை விற்கப் போவதாக மனைவியிடம் ஒரு பொய் சொல்லிவிடுவது என்று இந்த மாதம் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தீர்மானித்தேன். என்னுடைய பெரிய தீர்மானங்கள் எல்லாம் பதினொரு மணிக்குத்தான் பிறக்கும். பசியாறியது செரித்திருக்கும். மத்தியானத்துக்கு என்ன பொங்குவது என்ற கவலை இன்னும் தொடங்கியிருக்காது.

என் பெயர் காளிமுத்து. வயது அறுபத்திரண்டு. மலாக்காவில் ஒரு லாரி கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கிராணியாக, அதாவது சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். புக்கிட் காத்திலில் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய, மாடியில்லாத ஒரு டெரஸ் வீடு எங்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு என்றால் எனக்கும் விஜயராணிக்கும். கிராண்ட் என்கிற வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வீட்டில் மட்டும் ஒருவர்தான் இருந்தார். அது நான்.

விஜயராணி ஜோகூர் பாருவில் இருந்தாள். மகள் ராகினிக்குப் பிள்ளை பிறந்தது. "மூணு மாசம்தாங்க, பத்தியம் பாத்துட்டு வந்துடறேன்" என்று பஸ் ஏறினாள். பத்தியம் முடிந்தது. ராகினி வேலைக்குத் திரும்பினாள். மருமகனும் வேலைக்குப் போகிறவர். பேரன் பவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று மாதம் எட்டு மாதமாகிவிட்டது.

தனியாக இருப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. அரைக் குவளை அரிசி போட்டால் குக்கர் அடிப்பிடிக்கிறது. ஒரு குவளை போட்டால் மூன்று வேளைக்கும் அதே சோறு. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், கடலை தூவி மடித்த அப்பம் பாலிக் ஒன்றே ஒன்று கேட்டால், "ஒன்னுதானா அங்கிள்?" என்று அந்தப் பெண் உரக்கக் கேட்கிறாள். வெட்கப்பட்டு மூன்று வாங்கி, மூன்றையும் நானே தின்று, நெஞ்செரிச்சலோடு படுத்தேன். டிவியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஒருநாள் அவர் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் "என்னாச்சு?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? ஆள் இல்லாமல் அழுது என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டேன்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு விஜயராணி வீடியோ கால் போடுவாள். நான்கு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் போன் கட்டிலில் கிடக்கும். எனக்கு அவர்கள் வீட்டில் மேலே சுற்றும் காற்றாடி மட்டும் தெரியும்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். ராணி, எனக்கு முட்டி வலி. நடக்கவே முடியல."

"தாமான் முன்னாடி புது கிளினிக் தொறந்திருக்காங்களாம். போய்க் காட்டுங்க."

அடுத்த வாரம்:

"ராணி, கூரை ஒழுகுது. ஹால் பூரா தண்ணி."

"கூரைக்காரர் நம்பர் அனுப்பறேன். பவன் அழறான், வெச்சுடறேன்."

நம்பரும் வந்தது. கூரைக்காரரும் வந்தார். ஏறிப் பார்த்துவிட்டு, "ஒழுகவே இல்லையே அங்கிள்" என்று சொல்லி, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டு மாயாண்டியிடம் புலம்பினேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே என் குடும்ப விவகாரங்களைத் தீர்த்து வைப்பவர்.

"நீ செய்யறதே தப்பு காளி" என்றார். "முட்டிக்கு டாக்டர் இருக்கான். கூரைக்கு ஆள் இருக்கான். அவங்க எதுக்கு வரணும்? அவங்க வந்தாத்தான் ஆகும்னு ஒரு காரியம் சொல்லுலா."

"அப்படி என்ன இருக்கு?"

"வீடு. கிராண்ட்ல அவங்க பேரும் இருக்குதானே? விக்கப் போறேன்னு சொல்லு. அவங்க கையெழுத்து இல்லாம விக்க முடியாது. அலறி அடிச்சிட்டு ஓடி வருவாங்க."

"நம்பமாட்டாளே."

"வேல்யூவர வரச் சொல்லு. வீட்டுக்கு என்ன வெல போகும்னு அளந்து, பாத்து, ரிப்போர்ட் எழுதிக் குடுப்பாங்க. எம் மச்சான் வீடு விக்கறப்ப வந்தாங்க. முத்திர குத்தின ரிப்போர்ட்னா பொம்பளைங்க நம்புவாங்க."

இந்த உலகத்தில் பெண்களைப் பற்றி மாயாண்டி சொல்லி ஒன்றுகூட நடந்ததில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நான் யார் சொன்னாலும் கேட்டிருப்பேன். ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தைப் போனில் கூப்பிட்டேன்.

"எதுக்காக வேல்யூவேஷன் வேணும் அங்கிள்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "விக்கறதுக்கா, பேங்க் லோனுக்கா, இன்சூரன்சா, இல்ல குடும்பத்துல பாகம் பிரிக்கவா?"

பெண்டாட்டியை வரவழைக்க என்று ஒரு பிரிவு அவர்களிடம் இல்லை.

"விக்கறதுக்கும்மா" என்றேன். புதன்கிழமை காலை பத்து மணி என்று குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஒன்பது மணி வீடியோ காலுக்கு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காற்றாடியைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"ராணி, நான் ஒரு முடிவு எடுத்துட்டேன். வீட்ட விக்கப் போறேன். வேல்யூவர் புதன்கிழம வர்றாங்க."

காற்றாடி சுற்றியது. பிறகு அவள் முகம் வந்தது. எட்டு மாதத்தில் முதன்முறையாகப் போனைக் கையில் எடுத்து முழுசாக என்னைப் பார்த்தாள்.

"வேல்யூவரா? நெசமாவா?"

"நெசமாதான்."

"எத்தன மணிக்கு?"

"பத்து."

"சரி. நான் செவ்வாக்கெழம சாயங்காலம் வந்துடறேன்."

அலறவும் இல்லை, அடித்துக்கொள்ளவும் இல்லை. இதென்ன இவ்வளவு சுலபம் என்று ஒரு விநாடி யோசித்தேன். அடுத்த விநாடி யோசிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டைக் கூட்ட ஆரம்பித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மலாக்கா சென்ட்ரலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். போகும்போது ஒரு பை கொண்டுபோனவள் மூன்று பைகளோடு வந்திருந்தாள். ரைஸ் குக்கர்கூட இருந்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டியே ராணி!" என்றேன். "பின்ன?" என்றாள். நான் அந்த மூன்று பைகளையும் நானே தூக்கினேன். முட்டி வலி என்று சொன்னவன் இப்படித் தூக்குகிறானே என்று அவள் பார்த்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள். அடுப்பைப் பார்த்தாள், திட்டினாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், திட்டினாள். சாமி மேடையில் காய்ந்த பூவைப் பார்த்து இன்னும் சத்தமாகத் திட்டினாள். நான் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இன்னொருவர் நடக்கும் சத்தம் எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். மலர்க்கொடி என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் அளவுக் கருவி. நான் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, வாசலிலேயே நின்றேன்.

"இந்த கேட் நான் பெயின்ட் அடிச்சதும்மா. மூணு கோட்டிங்."

"சரி அங்கிள்."

"இந்த மாமரம் நான் வெச்சது. வருஷத்துக்கு நூறு காய். இதுக்கு எவ்வளவு போடுவீங்க?"

"மரத்துக்குத் தனியா வெல போடறது இல்ல அங்கிள்."

"மீன் தொட்டி? உள்ள மீனோட சேத்து?"

"நீங்க எடுத்துட்டுப் போகக்கூடியது எதுவும் கணக்குல வராது அங்கிள்."

அப்படிப் பார்த்தால் வீட்டில் நான் சேர்த்து வைத்த பெருமைகள் எல்லாமே எடுத்துக்கொண்டு போகக்கூடியவைதான். ஆனால் சொல்ல வேண்டும், அந்தப் பெண் என் வீட்டின் ஒவ்வோர் அறைக்குள்ளும் போய், சுவரைத் தொட்டு, "இது எப்ப கட்டினது? இது எப்ப மாத்தினது?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். என்னிடம் இத்தனை கேள்வியை யாரும் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ஐந்து வார்த்தையில் முடியும் பதிலுக்கு நான் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.

விஜயராணி டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவளும் கேட்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, வெலய எப்படிம்மா முடிவு பண்ணுவீங்க? உங்க மனசுக்குத் தோணறதா?"

"இல்ல ஆண்டி. இதே தாமான்ல, இதே மாதிரி வீடு, சமீபத்துல நெசமா வித்து முடிஞ்ச வெல என்னன்னு பாப்போம். யாரு எவ்வளவு கேக்கறாங்கங்கறது இல்ல. வித்தது. அதுக்கப்புறம் இந்த வீடு அதவிட நல்லா இருக்கா, மோசமா இருக்கான்னு கூட்டிக் கொறைப்போம்."

"அதோ எங்க வீட்டுக்காரரு அஞ்சு லட்சம்னு சொல்லிட்டுத் திரியறாரு."

"எல்லாரும் அவங்கவங்க வீட்ட அப்படித்தான் சொல்வாங்க ஆண்டி. அதனாலதான் வெளியாள் ஒருத்தர் பாக்கணும். கொறைச்சு வித்து ஏமாறவும் கூடாது, கூட்டிச் சொல்லி ரெண்டு வருஷம் காத்திருக்கவும் கூடாது."

"விக்கலைன்னா இந்த ரிப்போர்ட் எதுக்கும் ஆகாதாம்மா?"

நான் டீயைச் சிந்தினேன். விற்கவில்லை என்றால் என்று இவள் ஏன் கேட்கிறாள்?

"ஆகும் ஆண்டி. பேங்க்ல லோன் மாத்தலாம். பிள்ளைங்களுக்கு எழுதி வெக்கறப்ப சண்ட வராது. தீ இன்சூரன்ஸ் பத்தாம இருக்கான்னு பாக்கலாம். ஆனா ஒன்னு, இன்சூரன்சுக்கு விக்கிற வெல இல்ல, திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்ங்கறதுதான் முக்கியம். அதையும் தனியா எழுதித் தரேன்."

விஜயராணி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் மலர்க்கொடி பின்பக்கம் போனாள்.

எங்கள் பின்கட்டுக் குசினியை, அதாவது சமையலறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வீடு வாங்கும்போது குசினி பெட்டி அளவுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் பின்பக்கம் பத்தடி இழுத்து, கூரை போட்டு, டைல்ஸ் ஒட்டிப் பெரிதாக்கினோம். கட்டிக்கொடுத்தது என் சித்தப்பா மகன் சுப்பன். அப்போது விஜயராணி, "நகராண்மைக் கழகத்துல பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிட்டுக் கட்டுங்க" என்றாள். "தாமான்ல எவன் பிளான் போட்டான் அண்ணி? எல்லாரும் இப்படித்தான்லா" என்றான் சுப்பன். நானும் அவன் பக்கம் நின்றேன். எங்கள் வரிசையில் பதினெட்டு வீடு, பதினெட்டிலும் பின்குசினி, ஒன்றுக்குக்கூடக் காகிதம் கிடையாது.

"அங்கிள், இந்த எக்ஸ்டென்ஷனுக்கு அப்ரூவல் பிளான் இருக்கா?"

"அதாம்மா... அது எங்கயோ உள்ள..."

"இல்ல" என்றாள் விஜயராணி. "அன்னைக்கே சொன்னேன். கேக்கல."

"அப்ப இத கணக்குல சேக்க முடியாது ஆண்டி. வாங்கறவருக்கு லோன் குடுக்கற பேங்கும் யோசிப்பாங்க. இப்பகூடப் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கலாம். அளவு ஒத்துவருதான்னு பாக்கணும், ஆர்க்கிடெக்ட் வேணும், ஆபீசுக்கு அலையணும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும். வாங்கிட்டா வீட்டு வெல நல்லாவே ஏறும்."

"யாராவது கூட இருந்து பாக்கணுமாம்மா?"

"ஆமா ஆண்டி, ஓனர் ஒருத்தராச்சும் வீட்ல இருக்கணும். ஆள் வந்து பாப்பாங்க, அளப்பாங்க."

விஜயராணி இன்னொரு கப் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அது விருந்தோம்பல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். கீரை ஆய்ந்து கொடுத்தேன். தெங்கேரா கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குப் பிடித்த கருவாடு வாங்கி வந்தேன். அப்பம் பாலிக் இரண்டு வாங்கினோம், ஆளுக்கு ஒன்று. டிவிக்காரரின் வணக்கத்துக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ரிப்போர்ட் வந்ததும், "மனசு மாறிட்டேன் ராணி, விக்கல, நீயும் இங்கேயே இரு" என்று சொல்லிவிடுவது என் திட்டத்தின் கடைசிப் பகுதி.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. வீட்டின் மதிப்பு இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் மலேசிய வெள்ளி. பின்குசினி: சேர்க்கப்படவில்லை. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"இவ்வளவுதானா? அப்ப விக்க வேணாம் ராணி. மனசு மாறிட்டேன்."

"சரி, விக்க வேணாம்" என்றாள்.

வெற்றி! இவ்வளவு சுலபமாகவா? அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப உண்மையச் சொல்லுங்க. எதுக்கு விக்கறேன்னீங்க?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? சொல்லிவிட்டேன்.

"தனியா இருக்க முடியல ராணி. பேச ஆள் இல்ல. நீ வரணும்னுதான் சொன்னேன்."

அவள் ரிப்போர்ட்டை மடித்து உறையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அங்க நான் மட்டும் என்ன கூட்டத்துலயா இருந்தேன்? காலைல ஆறரைக்கு அவங்க ரெண்டு பேரும் போனா ராத்திரி ஏழரைக்குத்தான் வருவாங்க. பதினோராவது மாடி. நானும் பவனும். அவனுக்குப் பேச்சு வரல. எட்டு மாசத்துல ஒரு தடவயாச்சும் 'நீ எப்படி இருக்கே'ன்னு கேட்டீங்களா? முட்டி வலிங்கறீங்க, கூரை ஒழுகுதுங்கறீங்க."

நான் தலை குனிந்தேன். கேட்கவில்லைதான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"இப்ப கேக்கறேன் ராணி. இனிமே நீ எங்கயும் போக வேணாம்."

"போகல" என்றாள். "நான் இங்கதான் இருக்கப் போறேன். எங் குசினிக்கு அப்ரூவல் வாங்கணும். ஓனர் ஒருத்தர் வீட்ல இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சுல்ல?"

"ஆமா! நான் அலையறேன் ராணி, நீ சும்மா இரு."

"நீங்களா? கால்வாய் அடைச்சதுக்கு நகராண்மைக் கழகக் கவுன்டர்ல போய் மேஜயத் தட்டினவரு தானே? எல்லாருக்கும் உங்கள நல்லா ஞாபகம் இருக்கும். நான் பாத்துக்கறேன்."

"சரி, நீ பாரு. ரெண்டு பேருமா இங்க இருப்போம்."

"அப்ப பவன யாரு பாக்கறது?"

நான் மூக்குக் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இந்த ரெண்டு வாரமும் மருமகன் லீவு போட்டுப் பாத்துக்கிட்டாரு. திங்கக்கெழமையிலேர்ந்து லீவு இல்ல. நீங்க ரிட்டயர் ஆனவரு. இந்த வீட்ல தனியா இருக்க முடியலன்னு நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க. முடியாதுங்கறவர எப்படிங்க நான் இங்க வெச்சிருக்கறது?"

"அங்கயும் தனியாதானே இருக்கணும்?"

"பவன் இருக்கான்ல."

"அவனுக்குப் பேச்சு வரலன்னு நீதானே சொன்னே!"

"உங்ககிட்ட இருந்தா சீக்கிரம் வந்துடும். நீங்க பேசறதுக்கு யாராச்சும் கேட்டாப் போதும்தானே? பால் பத்து மணிக்கு, ரெண்டு மணிக்கு. துணி மாத்தறத நான் போன்ல காட்டித் தரேன்."

முப்பத்தொரு வருஷம் ஸ்டோரில் வருகிற சரக்கையும் போகிற சரக்கையும் பார்த்தவன் நான். ஒரு சரக்கு உள்ளே வந்ததும் இன்னொன்று வெளியே போவதை என் கண் முன்னாலேயே அவள் நடத்திக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மாயாண்டி தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். பஸ் நகரும்போது கொஞ்சம் கண் கலங்கியது அவளுக்கு, எனக்கு நிறையவே. "தெனமும் ஒம்போது மணிக்கு போன் போடறேங்க" என்றாள். அந்த நேரத்தில் பிள்ளை என் கையில் இருக்கும், போன் கட்டிலில் கிடக்கும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஜோகூர் வரைக்கும் செம்பனைக் காட்டைப் பார்த்துக்கொண்டே போனேன்.

லார்க்கின் பஸ் நிலையத்துக்கு ராகினி காரில் வந்திருந்தாள். பதினோராவது மாடிக்குப் போனதும் பவனை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒதுக்கிய அறையைத் திறந்து காட்டினாள். சின்ன அறை. ஜன்னலோரம் புதுக் கட்டில். கால்களில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் படுக்கிற அகலம்.

"எதுக்கும்மா இவ்வளவு அவசரமா வாங்கினீங்க?" என்றேன். "நான் வர்றதே முந்தாநாள்தானே முடிவாச்சு."

"அவசரமா? இல்லப்பா. அம்மாதான் கடைக்கு வந்து, உங்க ஒயரத்துக்குப் பத்துமான்னு அவங்களே படுத்துப் பாத்து எடுத்தாங்க. போன மாசமே வாங்கியாச்சு."

போன மாதம் எனக்கு வீட்டை விற்கிற யோசனையே வரவில்லை.